தறி நின்றால்தான் கேட்கும் குரல்

நான் பணி ஓய்வு பெற்ற ஞாயிற்றுக்கிழமை, சபையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இளைய ஊழியக்காரிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மைக்கைக் காதோரம் மாட்டிக்கொண்டால் போதும், கிசுகிசுத்தாலும் தெருவுக்கே கேட்கும். "இனிமே நீங்க தொண்டையக் கஷ்டப்படுத்த வேணாம் ஆன்ட்டி" என்று அவர்கள் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது.

அந்த ஸ்பீக்கர் இன்று எங்கள் வீட்டு அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் அவர்களில் ஒருத்தி, ஷீபா என்று பெயர், வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏன் ஆன்ட்டி, புடிக்கலியா?" பிடிக்காமல் இல்லையம்மா. ஆனால் ஏன் போடுவதில்லை என்று சொல்ல வேண்டுமானால் என் கழுத்தில் கத்தி பட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஆரணியில் பைபிள் உமனாக வேலை பார்த்தேன். பழைய மிஷன் காலத்துப் பெயர் அது, இன்னும் மாறவில்லை. வீடு வீடாகப் போக வேண்டும். நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் கஷ்டத்தைக் கேட்க வேண்டும். விரும்பினால் ஜெபம், விருப்பமிருந்தால் ஒரு வேத வசனம். வேண்டாம் என்றால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது "ஸ்தோத்திரம்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு. அதனால் நெசவுத் தெருக்களில் எனக்கு ஸ்தோத்திரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேதபாடம், பாட்டு, கொஞ்சம் முதலுதவி, தினமும் கேழ்வரகுக் களி. அங்கே சொல்லித்தராத பாடத்தை ஆரணித் தெருக்கள் சொல்லித்தந்தன. தெருவில் தறிக்கான நீள நூலை, பாவு என்பார்கள், நீட்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தாண்டக் கூடாது. புதுப் பாவு பிணைக்கிற நாளில் வாசலோடு திரும்பிவிட வேண்டும். பட்டு இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கும் மனுஷரிடம் போய்ப் பரலோகத்தைப் பற்றிப் பேசினால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார், நியாயம்தான். தறி ஓடாத நாள் அமாவாசை. அன்று வீட்டில் படையல் இருக்கும். அந்த நாளில் பைபிள் பையோடு போய் நிற்பது மரியாதை ஆகாது. ஆக, தறி ஓடும் நாளில்தான் போக முடியும், அந்தச் சத்தத்துக்கு மேலேதான் பேச முடியும்.

குழித்தறிச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெசவாளி மிதியை மிதிப்பார், குறுக்கு நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், பலகை வந்து அடிக்கும். ஒரு தறி என்றால் பரவாயில்லை. நான்கு வீட்டுத் தறியும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது கேட்காது. எனக்குக் கேட்க வைக்கத் தெரியும். அப்படி ஒரு தொண்டை எனக்கு. "உன்னக் கட்டிகினதால ரேடியோ வாங்குற செலவு மிச்சம்" என்பார் என் வீட்டுக்காரர். இரண்டு அடிகளுக்கு நடுவே வார்த்தையை நுழைத்து, அடி விழும்போது மூச்சு வாங்கி, மறுபடி பேசுவேன். நெசவாளி கையை நிறுத்தவே தேவையில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

முருகேசன் வீட்டில்தான் அந்த வித்தை நன்றாக எடுபட்டது. அவர் தறியில் உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி செல்வி பக்கத்தில் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பாள். "பேசுங்க ஸ்தோத்திரம்மா. கை தானே நெய்யுது, காது சும்மாதான கீது" என்பார் முருகேசன். எத்தனையோ வருஷம் போயிருக்கிறேன். எனக்காக ஒருநாளும் அவர் மிதியிலிருந்து காலை எடுத்ததில்லை.

இனி எங்கள் ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபைக் குருவைத்தான் ஐயர் என்போம். ஆசீர்வாதம் ஐயர் அதிர்ந்து பேசமாட்டார், பாராட்டவும் மாட்டார். பேசத் தொடங்குமுன் கைக்குட்டையை மடித்து முழங்காலில் வைத்து நீவிவிடுவார். அவர் நீவ ஆரம்பித்தாலே நாங்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவோம். எங்கள் வேலையைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. நாங்கள் போய்வந்த வீட்டுக்கு ஒரு வாரம் கழித்து அவரே போவார். நலம் விசாரித்துவிட்டு, "போன வாரம் வந்த அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்பார். அந்த வீட்டார் தலையைச் சொறிந்தால் எங்களைக் கூப்பிட்டு, "எஸ்தரம்மா, நல்லாப் பேசினீங்களாம். இன்னா பேசினீங்கன்னுதான் யாருக்கும் ஞாபகம் இல்ல" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்ட வேண்டியதே இல்லை.

ஓய்வுக்குச் சில வருஷங்கள் முன்பு என் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். பிறகு, நல்ல கட்டி இல்லை என்றார்கள். வேலூரில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டிப்போயிருப்பதாகவும், கட்டியை முழுக்க எடுத்தால் குரல் போகலாம் என்றும் டாக்டர் முன்பே ஒளிக்காமல் சொன்னார். எடுத்தார்கள், குரல் போனது. காற்று மட்டும்தான் வந்தது. போதாததற்குக் கால்சியம் குறைந்து விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு மிட்டாய் மாதிரி மென்றுகொண்டிருப்பேன்.

உடம்பு தேறி வேலைக்குப் போனபோது ஐயர் கைக்குட்டையை நீவினார். "எஸ்தரம்மா, கண்ணமங்கலத்து ஹாஸ்டல்ல ஸ்டோர் பாத்துக்க ஆள் வேணும். அரிசி பருப்பு அளந்து குடுக்கணும். பேச வேண்டியதில்ல." நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. எழுந்து நின்று ஆட்டினேன். அவர் கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரி. ஈஸ்டர் வரைக்கும் பழைய தெருவுக்கே போய்ப் பாருங்க. முடியலன்னா சாவிய வாங்கிக்குங்க."

முதல் வாரமே தெரிந்துவிட்டது. முருகேசன் வீட்டில் உட்கார்ந்து வாயை அசைத்தேன். அவர் நெய்துகொண்டே, "இன்னா சொல்றீங்க? கேக்கல" என்றார். மறுபடி சொன்னேன். "ஒண்ணுமே கேக்கலம்மா" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கு வேலை. ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. தெருக்கோடியில் ரைஸ் மில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு வீடுகளில் இன்னொரு கேள்வி காத்திருந்தது. "ஏம்மா, உங்க சாமி எல்லாரையும் சொஸ்தமாக்குதுன்னு சொல்லுவீங்களே. உங்க தொண்டைய மட்டும் ஏன் உட்டுடுச்சி?" தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தேசூர் பக்கம் ஒரு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. சொந்தக்காரர்கள் வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் என் கழுத்தில் கை வைத்து உரக்க ஜெபித்துவிட்டு, "குரல் வந்தாச்சு! சொல்லு தாயி, ஸ்தோத்திரம் சொல்லு!" என்று மைக்கை வாயருகே நீட்டினார். சொன்னேன். ஸ்பீக்கர் பூராவும் உஸ்ஸென்று காற்று வந்தது. ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். கீழே இறங்கி வரும்போது ஒரு அம்மாள், "இன்னும் கொஞ்சம் விசுவாசம் வேணும்மா" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மைக் பிடித்தவர் மேல் கோபம், அந்த அம்மாள் மேல் கோபம், கடவுள் மேலும் கோபம்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஹாஸ்டல் சாவியே மேல் என்று நினைக்கத் தொடங்கியிருந்தபோது முருகேசன் என்னைத் தெருவில் மறித்தார். முகம் வாடியிருந்தது. செல்விக்குக் கழுத்தில் கட்டி என்றார். அதே தைராய்டு. சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அவள் மாட்டேன் என்கிறாளாம்.

"தப்பா நெனைக்காதீங்க ஸ்தோத்திரம்மா. நீங்க கொஞ்ச நாளைக்கு எங்க வூட்டுக்கு வராதீங்க. உங்களப் பாத்தா அவ கழுத்தப் புடிச்சிகினு அழுவுறா. அந்தம்மா மாதிரி ஊமையாய்டுவேன், நான் மாட்டேன்றா. பெரிய பேஜாரா கீது."

எனக்கு உலகமே நின்ற மாதிரி இருந்தது. ஆறுதல் சொல்லப் போகிறவள் நான். என் தொண்டையைப் பார்த்தே ஒருத்தி சாகத் துணிகிறாள்.

மறுநாள் செல்வி போன் செய்தாள், புருஷனுக்குத் தெரியாமல். "அக்கா, நீங்க பேச வேணாம், நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு ஆபரேசன் வேணாம். நீங்க வந்து ஜெபம் பண்ணுங்க. கட்டி தானா கரைஞ்சிடட்டும். கரைஞ்சிட்டா நாங்க குடும்பத்தோட உங்க கோயிலுக்கு வந்துடறோம். சத்தியமா." நான் போனில் கத்தினேன். அவளுக்குக் காற்றுதான் கேட்டிருக்கும். "சரிக்கா, வந்துடுங்க" என்று வைத்துவிட்டாள். நான் சம்மதித்ததாக நினைத்துக்கொண்டாள்.

இது எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் தெரிந்ததும் ஒரே சந்தோஷம். தலைவி கிரேஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எஸ்தர், எத்தன வருசமா அந்தத் தெருவுல அலையற! இப்பதான் கதவு தொறந்துகீது. உபவாச ஜெபம் வெச்சிடலாம். கட்டி கரையும், குடும்பமும் வரும்." நல்ல மனசுக்காரர் அவர், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆத்துமா ஒன்று வருகிறது என்றால், அது குடியிருக்கும் உடம்பு எங்கே போகிறது என்று பார்க்க மறந்துவிடுவோம். அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு நேரே ஐயரிடம் போனேன். காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை அவர் கைக்குட்டையைத் தொடவில்லை.

"நீங்க போனா அந்த மனுஷன் வெளிய தள்ளுவாரே?"

தள்ளட்டும் என்று சைகை காட்டினேன்.

"நானும் வர்றேன். ஆனா பேசமாட்டேன். அது நீங்க பாத்துக்குற வீடு" என்றார்.

நாங்கள் போனபோது பகல் வேளை, தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார். செல்வி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஐயர் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை கூட எழும்பவில்லை.

"யோவ், நிறுத்துய்யா! அக்கா பேசிகினு கீறாங்க" என்று செல்வி கத்தினாள்.

"இன்னா பேசப் போறாங்க? நீ சொல்ற மாதிரியே ஜெபம் பண்ணா போதும், ஆஸ்பத்திரி வேணாம், அதானே? ஐயரையும் இட்டுகினு வந்துட்டாங்க. நான் நிறுத்தமாட்டேன்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கை கால் நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனுஷருக்கு என் தொண்டையை விட என் ஜெபத்தின் மேல்தான் பயம் அதிகம் என்று. ஐயரைப் பார்த்தேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னால் சத்தத்துக்கு மேல் கேட்டிருக்கும். எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. வேறு வழியில்லாமல் தறிக்குழி ஓரத்தில் மண்டியிட்டேன். பாவு மேல் கை படாமல் சுவரைப் பிடித்துக் குனிந்து, முருகேசன் காதுக்குள் சொன்னேன்: "ஆபரேஷனுக்குப் போகச் சொல்லத்தாம்பா நான் வந்தேன்."

அவர் கால் நின்றது. நாடா பாதி வழியில் நின்றது. என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து, பக்கத்து வீட்டுச் சுவரைக் குத்தி, "யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா, ஜல்தியா!" என்றார். அந்தத் தறியும் நின்றது. அவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டில் முதல்முறையாக நான் அமைதியைக் கேட்டேன்.

செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்து என் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். அவள் விரலை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

"சோறு முழுங்கறப்ப?"

"முதல்ல கஷ்டம். இப்ப பிரியாணியே போவுது."

"பசங்களக் கூப்டணும்னா?"

"கை தட்டுவேன்."

"புருசங்கிட்ட சண்ட போடணும்னா?"

"கரண்டியால குண்டானத் தட்டுவேன். அந்த மனுஷனுக்கு நல்லாப் புரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் ஐயர் தொண்டையைச் செருமினார். சிரித்த வாயை மூடிக்கொண்டு செல்வி என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க அவ்ளோ கேட்டீங்களே, உங்க சாமி ஏன் குடுக்கல?"

"தெரியல."

"கோவம் வரலியா?"

"வந்துது. இன்னமும் வருது."

"அப்புறம் ஏன் அதுக்கோசரம் தெருத்தெருவா அலையறீங்க?"

யோசித்துச் சொன்ன பதில் இல்லை இது, தானாக வந்தது. "கோவிச்சிகினு போறதுக்கு எனக்கு வேற வீடு இல்ல செல்வி."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் அவளிடம் மூன்று விஷயம் சொன்னேன். எல்லாருக்கும் குரல் போகாது, என் கட்டி ஒட்டியிருந்த இடம் அப்படி. ஒருவேளை போனாலும், தோ உன் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் பார், இப்படித்தான் இருப்பாய், உயிரோடு இருப்பாய். அப்புறம், கோயிலுக்கு வருகிறேன் என்றாயே, அந்தப் பேரம் எனக்கும் வேண்டாம், என் சாமிக்கும் வேண்டாம். வர மனசிருந்தால் வா, கட்டிக்காக வராதே. பிறகு, ஜெபம் பண்ணட்டுமா என்று முருகேசனைக் கேட்டேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் கைக்குத் துணையாக இருக்கச் சொல்லிக் கடவுளைக் கேட்டேன். கட்டி கரைய வேண்டும் என்று கேட்கவில்லை.

செல்வி போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளுக்குக் குரல் போகவில்லை. வேலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனையிலேயே, "இன்னாய்யா வூட்ட இப்படிப் போட்டு வெச்சிகீற!" என்று முருகேசனைப் போட்டுக் காய்ச்சிய சத்தம் பாதித் தெருவுக்குக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கொடுத்தாயே, எனக்கு ஏன் இல்லை என்று கேட்டு அழுதேன். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வருமா என்றால், வரும். ஐயரிடம் சொன்னபோது அவர் உபதேசம் பண்ணவில்லை. "அழுங்க. நாளைக்கும் அந்தத் தெருவுக்குப் போங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அவர் வழக்கம்போல அந்தத் தெருவுக்குச் சோதனைக்குப் போயிருக்கிறார். முருகேசனிடம் நாங்கள் போன அன்றைக்கு அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறார். முருகேசன் தறியை நிறுத்திவிட்டு, குண்டானைத் தட்டுவதில் தொடங்கி, வேற வீடு இல்லை என்பது வரை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்திருக்கிறார். இதையும் ஐயர் என்னிடம் சொல்லவில்லை, செல்விதான் சொன்னாள். ஐயர் சொன்னது இதுதான்: "ஹாஸ்டல் சாவிய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன் எஸ்தரம்மா."

அதற்கப்புறம் ஓய்வு வரை அந்தத் தெருக்களில்தான் இருந்தேன், இப்போதும் முடிந்தபோது போகிறேன். வாசலில் நின்று கை தட்டுவேன். தட்டும் சத்தம் கேட்டால் சில வீடுகளில் தறியை நிறுத்துவார்கள். எல்லா வீட்டிலும் இல்லை. பவர்லூம் ஷெட்டில் யாரும் எனக்காக மோட்டாரை நிறுத்த முடியாது, அங்கே ஒரு வணக்கத்தோடு திரும்பிவிடுகிறேன். செல்வி ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறாள், ஒரு சொம்பு எனக்கும் எடுத்து வைக்கிறாள். கிரேஸ் அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

இனி ஷீபாவின் ஸ்பீக்கர். ஓய்வு பெற்ற மறுவாரம் ஆசை ஆசையாக அதை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்வி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். "ஸ்தோத்திரம்" என்றேன். வீடே அதிர்ந்தது. முருகேசன் தலையை நிமிர்த்தாமல், மிதித்துக்கொண்டே, "ஆங், நல்லாக் கேக்குதும்மா, சொல்லுங்க" என்றார். நானும் பழையபடி அடிக்கு அடி நடுவே பேசத் தொடங்கினேன். கேட்டது, நன்றாகவே கேட்டது. தறியும் ஓடியது, ராட்டையும் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் செல்வி எழுந்து வந்தாள். என் இடுப்பில் கை வைத்துப் பொத்தானைத் தேடி அணைத்தாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. இத்த வூட்ல வெச்சிட்டு வாங்க. காலைல உக்காந்தா ராத்திரி வரைக்கும் இந்த மனுசன் காலு நிக்கறது நீங்க வர்றப்ப மட்டுந்தான். அப்பதான் என் மூஞ்சியையும் பாக்கறாரு."

நான் மைக்கைக் காதிலிருந்து கழற்றினேன். முருகேசன் மிதியிலிருந்து காலை எடுத்து, சுவரைத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் நின்றது.

"இப்ப சொல்லுங்க" என்றார்.